16 கிலோமீட்டர் படுத்திய பாடு

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒன்பது வருஷம் சிவில் வழக்கு பார்த்தவன் நான். போர்டிலோ விசிட்டிங் கார்டிலோ 'சொத்து வழக்கு ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள வழியில்லை, பார் கவுன்சில் விதி 36 விடாது. பரீட்சை எழுதி ஒரு தனித்தகுதி வாங்கலாமே என்றுதான் உச்ச நீதிமன்றத்தின் ஏஓஆர், அதாவது அட்வகேட் ஆன் ரெக்கார்ட் பக்கம் போனேன். ஏஓஆர் கையெழுத்து இல்லாமல் அங்கே வக்காலத்து ஏறாது.

நாலு வருஷ அனுபவம், மூத்த ஏஓஆர் ஒருவரிடம் ஒரு வருஷப் பயிற்சி, இதிலெல்லாம் சிக்கல் இல்லை. பரீட்சைதான் முதல் தடவை கவிழ்த்தது. நாலு தாளிலும் 50-ஐத் தாண்டினேன், ஆனால் கூட்டினால் 236. மொத்தத்தில் 60 சதவீதம், 240 வேண்டும். நாலே மார்க்! டிராஃப்டிங், அதாவது மனு எழுதும் தாளில் தேதிப் பட்டியலைப் பாதியில் விட்டதன் பலன். எழுதப் போகிறவர்கள் வீட்டில் கடிகாரம் வைத்துக் கையால் எழுதிப் பழகுங்கள். டைப் அடித்தே பழகிய விரல் மூன்று மணி நேரம் தாங்காது.

அடுத்த தடவை பாஸ். அப்புறம் வந்தது உண்மையான தலைவலி: நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டர் தூரத்துக்குள் டெல்லியில் ஆபீஸ் இருக்க வேண்டும். மெட்ரோ நேராகப் போகிறதே என்று துவாரகாவில் மலிவாக ஓர் அறை பிடித்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தைப் பார்த்த சீனியரின் குமாஸ்தா சிரித்தார். "வக்கீல் சார், வரைபடத்தில் அளந்து பார்த்தீங்களா?" அளந்தேன். 16-ஐத் தாராளமாகத் தாண்டியது. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

மயூர் விகாரில் வீடு தேடினேன். இரண்டு இடத்தில் எல்லாம் பேசி முடித்த பிறகு, பையிலிருந்து வெள்ளைக் கழுத்துப்பட்டை எட்டிப் பார்த்தது. "வக்கீலா? வேண்டாம்." காலி செய்யச் சொன்னால் கேஸ் போட்டுவிடுவோமாம்! மூன்றாவது வீட்டில் முதலிலேயே தொழிலைச் சொன்னேன். அந்த அம்மா தன் பாகப்பிரிவினை வழக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், சாவியையும் கொடுத்தார்.

பதிவானதும் ஒரு மாதத்துக்குள் பதிவு பெற்ற குமாஸ்தாவையும் அமர்த்த வேண்டும், ஆளை முன்பே பேசி வையுங்கள். நான் பேசியது, என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அவருடைய தம்பியை. போன வாரம் குடியாத்தத்துக்காரர் ஒருவரின் வக்காலத்தில் என் பெயர் முத்திரையை முதல் தடவையாக அந்தத் தம்பிதான் குத்தினார், கொஞ்சம் கோணலாக.