டப்பா எண் 17

ஜூன் 2

அண்ணன் பிரித்துப் போட்ட வண்டியின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, முழுவதும் தட்டிப் பார்த்தேன். முன் பம்பரில் தொடங்கி, சாண் சாணாக நகர்ந்து, சின்னச் சுத்தியலால். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பதில் சொன்னது. இடது பின் சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங்கின் முனையைப் பிடிக்கும் ஷாக்கில் தொங்கும் இடத்துக்கு அரையடி முன்னால் வந்ததும் சத்தம் செத்துவிட்டது. ‘பொத்’. இரண்டாம் அடியில் சுத்தியலின் கூர்ப்பக்கம் உள்ளே இறங்கிவிட்டது. இழுத்து எடுத்தபோது துருவும் காய்ந்த சேறுமாக ஒரு கைப்பிடி கொட்டியது.

பெட்டிபோல் மூடிய சேசிஸில் இதுதான் ஆபத்து. சேறு நுழைய ஓட்டை இருக்கிறது, வெளியேற வழி போதாது. ஈரம் உள்ளேயே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. மேலே பெயிண்ட் வழவழவென்று இருக்கும்.

அண்ணனுக்கு இது தெரிந்திருக்குமா? பிரித்துப் போட்டவன் அவன்தானே.

ஜூன் 3

மருத்துவமனையிலிருந்து அண்ணி போன் செய்தார். இன்று அண்ணன் எதையும் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தானாம். பேச்சு இன்னும் வரவில்லை.

ஜூன் 5

டப்பாக்களை வரிசைப்படுத்தினேன். மொத்தம் 41. எல்லாவற்றிலும் அவனுடைய சாய்ந்த கையெழுத்து. ‘9. இடது முன் ஹப், பூட்டுத் தகடு, நாக்கு வெளிப்பக்கம்.’ ‘22. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர், ஸ்பிரிங் தெறிக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்.’ யாருக்காக எழுதினான் இதையெல்லாம்? தனக்காக எழுதுகிறவன் ‘கண்ணைப் பார்த்துக்கொள்’ என்று எழுதுவானா?

17-ஆம் டப்பாவில் மட்டும் பொருளின் பெயர் இல்லை. ‘17. மறக்காதே.’ அவ்வளவுதான்.

உள்ளே இரண்டு இரும்புத் துண்டுகள், ஆப்பு வடிவத்தில். அளந்து பார்த்தேன். நீளம் 114 மில்லிமீட்டர். ஒரு முனை 11 மில்லிமீட்டர் தடிமன், மறுமுனை 3. கணக்குப் போட்டால் சரியாக 4 டிகிரி சரிவு. நடுவில் ஒரு வட்டத் துளை. வார்ப்பு அல்ல, கடைந்தெடுத்தது. இரண்டின் முகத்திலும் நீளவாட்டில் அழுத்தத் தழும்பு. எதற்கோ நடுவில் பெரும் பாரம் தாங்கி இருந்திருக்கிறது.

வண்டியில் இப்படி ஒன்று எங்கே இருக்கும்? கியர் பாக்ஸுக்கு அடியிலா? கேபின் மவுண்டிலா? இரவு பத்து மணி வரை வரைபடத்தைப் புரட்டினேன். எங்கும் இல்லை.

ஜூன் 8

வெல்டர் வந்தார். அதற்கு முன்பே பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்திருந்தோம். “காலி டேங்க்தானே அத்தை, இருக்கட்டுமே” என்றான் அண்ணன் மகன். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் பயங்கரம். எரிவது திரவம் அல்ல, ஆவியும் காற்றும் கலந்த கலவை. அதை அவனுக்கு இரண்டு முறை சொன்னேன். பேட்டரி கம்பிகளையும் அவன் கையாலேயே கழற்ற வைத்தேன்.

நான் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்த இடத்தை வெல்டர் ஏற்கவில்லை. “இன்னும் வெட்ட வேண்டும்” என்றார். மறுபடி வெட்டினார். “இன்னும்.” துருப்பிடித்த இடத்தில் கிரைண்டரின் பொறி சோம்பலாக உதிர்ந்தது, திடீரென்று ஓரிடத்தில் மஞ்சள் கற்றையாகப் பறந்தது. அங்கே நிறுத்தினார். நான் ஒரு சாண் என்று நினைத்திருந்தேன், இரண்டு சாண் போய்விட்டது.

ஒட்டுத் தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டினார். செங்குத்தாக ஒரே கோட்டில் பற்றவைத்தால் சேசிஸ் முறுக்கும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். சாய்வாக இருந்தால் சுமை பரவும். மேடு பள்ளத்தில் ஓட்டப்போகிற வண்டிக்கு இதுதான் உயிர். நான்கு சக்கரமும் நான்கு திசையில் நிற்கும்போது முறுக்கை வாங்குவது சேசிஸ்தான்.

முடித்ததும் சுத்தியலால் தட்டினேன். ‘ணங்.’

ஜூன் 9

மழை. பட்டறையைத் திறக்கவில்லை.

ஜூன் 12

ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கம்ப்ரெஷன் பார்த்தேன். 155, 150, 90, 152 பிஎஸ்ஐ. மூன்றாவது சிலிண்டர். ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தேன். 93. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை மூடி அளவு நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சரியாக இருப்பதால் ஹெட் கேஸ்கெட் மீதும் பெரிய சந்தேகம் இல்லை. வால்வுதான்.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். அண்ணன் இருந்தால் இதை ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பான்.

இருந்தால் என்று எழுதிவிட்டேன். இருக்கிறான். அடித்துவிட்டு எழுத மனமில்லை, இப்படியே இருக்கட்டும்.

ஜூன் 15

மருத்துவமனை. கைப்பையில் ஆப்பை எடுத்துப் போயிருந்தேன். அண்ணி கொஞ்சம் கோபப்பட்டார். நியாயம்தான்.

அவனுடைய வலது கை போர்வை மேலே அப்படியே கிடந்தது. இடது கையில் ஆப்பை வைத்தேன். பார்த்த உடனே முகம் மாறியது. தெரிகிறது! அவனுக்குத் தெரிகிறது! உள்ளங்கையில் ஆப்பைக் கிடத்தி, தடித்த முனையைத் தன் மார்பின் பக்கம் திருப்பி வைத்தான். பிறகு கையைத் தூக்கி என்னிடம் காட்டினான். நான் தலையாட்டினேன், புரியவில்லை என்று அவன் கண்டுகொண்டான். மறுபடி அதையே செய்தான்.

வாயைத் திறந்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. “பி...” என்றான். “பி... ன்.”

பதின்மூன்று நாட்களில் முதல் சொல். அண்ணி அழுதுவிட்டார். நான் ஆப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 16

பின்.

எந்தப் பின்? கிங் பின், காட்டர் பின், கிளெவிஸ் பின், ஷாக்கில் பின். துளையின் விட்டத்தை அளந்து, டப்பா டப்பாவாகக் கொட்டி ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். ஒன்று லொட லொட, ஒன்று நுழையவே இல்லை.

ஜூன் 19

வால்வு மாற்றியாயிற்று. பழையதன் விளிம்பில் நகக்கண் அளவுக்குக் கருகிப் பள்ளம் விழுந்திருந்தது. புது வால்வைப் பேஸ்ட் தடவி உறிஞ்சு குச்சியால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன், தயிர் கடைவதுபோல். சாம்பல் நிற வளையம் ஒரே அகலத்தில் சுற்றிலும் விழும் வரை. பிறகு மேலே பெட்ரோல் ஊற்றி வைத்தேன். அரை மணி நேரம் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

ஹெட் போல்ட்டுகளை மூன்று கட்டமாக, நடுவிலிருந்து வெளியே. பையன் டார்க் ரென்ச் பிடித்தான், நான் எண்ணினேன்.

ஜூன் 20

155, 151, 149, 153.

ஜூன் 21

தூக்கம் வரவில்லை. பட்டறைக்குப் போய் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் அண்ணன் ஒட்டிய டாட்ஜ் பவர் வேகன் படம் ஓரம் சுருண்டு கிடக்கிறது. 1946-ல் வந்த வண்டி. போரில் ஓடிய ராணுவ லாரியின் அடிப்பாகத்தை விவசாயிக்கும் மரம் வெட்டுகிறவருக்கும் கொடுத்தார்கள் என்று அவன் எனக்குச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. “இதற்கு அழகு ஒரு பொருட்டே இல்லை, பார்” என்றான். அழகாகத்தான் இருந்தது.

சுருண்ட ஓரத்தை ஒட்டினேன்.

ஜூன் 23

நான்கு மூலைக்கும் புது ஸ்பிரிங் பட்டைகள், பழையதைவிட இரண்டு அங்குலம் உயரம். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் பழைய யூ போல்ட்டுகளின் நட்டுகள் இரும்போடு இரும்பாகி இருந்தன. டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டோம். “40 என்றால் என்ன அத்தை?” தண்ணீரை விலக்கும் கலவை ஒன்றை 1953-ல் தேடியவர்களுக்கு 40-ஆவது முயற்சியில் கிடைத்ததாம், அதுவே பெயராகிவிட்டது. பையன் ரொம்ப நேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். 39 முறை, என்றான்.

கடைசியில் தீயால் சூடேற்றித்தான் இரண்டைக் கழற்றினோம். மீதியை அறுத்தோம். யூ போல்ட்டை எப்படியும் திரும்பப் போடக் கூடாது. ஒரு முறை முழு இறுக்கத்தில் இழுபட்டது மறுமுறை அதே பிடியைத் தராது. புதுசு இரண்டு செட் வாங்கி வைத்திருக்கிறேன்.

அண்ணன் இன்று ஐந்து அடி நடந்தானாம், கம்பியைப் பிடித்து.

ஜூன் 26

ஓடியது! முதல் முறை சாவி திருப்பியதும் இருமியது, இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. பையன் கத்தினான். நானும் கத்தினேன்.

ஆனால் ஸ்டீயரிங் சரியில்லை. நேராகப் போகச் சொன்னால் நாய் மோப்பம் பிடிப்பதுபோல் இடமும் வலமும் அலைகிறது. வளைவில் திருப்பிவிட்டுக் கையை விட்டால் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை, திருப்பிய இடத்திலேயே நிற்கிறது. டை ராட் முனைகளைப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. வீல் பேரிங் சரி. டயர் காற்று சரி. ஸ்டீயரிங் பாக்ஸ் சரி.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது புரிந்தது. காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் கையை விட்டு ஓட்ட உதவுகிறது. இங்கேயும் அதே கதை. முன் சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சின் மேல்முனை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். உயர ஸ்பிரிங் போட்டதில் ஆக்சில் முன்பக்கமாகச் சுழன்று அந்தச் சாய்வைத் தின்றுவிட்டது.

ஆக்சிலை மறுபடி பின்னால் சாய்க்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் தட்டுக்கும் நடுவில்

ஆப்பு.

ஜூன் 27

நடுத்துளை ஸ்பிரிங் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலைக்கு. கச்சிதம். அதைத்தான் ‘பின்’ என்றான் என்று நினைத்தேன். தழும்பு ஏன் நீளவாட்டில் விழுந்தது என்பதும் விளங்கிவிட்டது. நீளமான சென்டர் போல்ட் போட வேண்டியிருந்தது. பழையதன் தலை ஆப்பைத் தாண்டி ஆக்சில் தட்டின் குழிக்குள் எட்டவில்லை. எட்டாமல் விட்டால் ஆக்சில் ஒரு நாள் இடம் நகர்ந்துவிடும்.

தடித்த முனையை முன்பக்கம் வைத்து மாட்டினோம். மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். முன்னைவிட மோசம். நடக்கும் வேகத்திலேயே பிடியை மீறுகிறது. கை நடுங்கிவிட்டது.

ஜூன் 28

காலையில் பையன் வந்து பட்டறை வாசலிலேயே நின்றான். “அத்தை, அப்பா போல்ட்டைச் சொல்லவில்லை.”

“வேறு என்ன?”

“பின்பக்கம்.”

இடது உள்ளங்கை. தடித்த முனை மார்பின் பக்கம். ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு மார்பின் பக்கம் என்றால் வண்டியின் பின்பக்கம். இரண்டு முறை காட்டினானே! சொல்லும் சொன்னான், முழுதாகச் சொன்னான். நான்தான் வேறொரு ‘பின்’னைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங் மேலே, ஆக்சில் கீழே. தட்டின் பின்விளிம்பு தாழ்ந்தால் அச்சின் மேல்முனை பின்னால் போகும். தடித்த முனை பின்னால்தான். காகிதத்தில் ஒரு கோடு வரைந்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

புது யூ போல்ட் செட்டைப் பிரித்தோம். ஓட்டினேன். வளைவில் கையைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் என் விரல்களுக்கு அடியில் தானாக நழுவி நடுவுக்கு வந்து நின்றது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஆக்சில் சாய்ந்ததில், முன் ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரென்ஷியல் மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, முன் ஷாஃப்டின் கோணம் கூடியிருக்கிறது. முன் சக்கர ஹப்பின் பூட்டைத் திறந்து வைத்து ஓட்டும்போது அந்த ஷாஃப்ட் சுழலாது, கவலை இல்லை. நான்கு சக்கரத்திலும் வேகமாகப் போகக் கூடாது.

ஜூன் 30

மணல் மேடு. டயரை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, ஹப்பைப் பூட்டி, வேகம் குறைத்து இழுவை கூட்டும் லோ ரேஞ்சில் இரண்டாம் கியர். நின்று நிதானமாக ஏறியது. உச்சியில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தோம்.

ஜூலை 1

ஆக்சில் மூச்சுவிடும் பிரீதர் குழாய்களை இன்ஜின் உயரத்துக்கு இழுத்துக் கட்டினேன். ஓடிச் சூடேறிய ஆக்சில் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். அண்ணன் ஆற்றில் இறக்கச் சொல்லாமல் இருக்கமாட்டான்.

ஜூலை 2

போனில் அண்ணியின் குரலுக்குப் பின்னால் அவன் குரல். என் பெயரின் முதல் பாதி.

ஜூலை 3

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வேறு வண்டி வேண்டாம், இதில்தான் வருவேன் என்று கையைக் காட்டிப் பிடிவாதம் பிடிக்கிறானாம்.

யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டேன். டயரில் காற்றை ஏற்றிவிட்டேன். கதவடி உயரத்தை அளந்தேன்: தரையிலிருந்து 61 செ.மீ. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மற்றது முதலில் என்று பயிற்சி தருகிறவர் சொல்லியிருக்கிறார். 61 எந்தக் காலுக்கும் அதிகம். நடுவில் இரண்டு படி வேண்டும், அகலமாக, மேலே சொரசொரப்பான தாள் ஒட்டி. பட்டறையில் பழைய பலகை இருக்கிறது. மணி ஒன்பதரைதான் ஆகிறது, ரம்பத்தை எடுக்கப் போகிறேன்.