நாடா, ஆளா? இரண்டாம் தாளில் எனக்குக் கைகொடுத்த கேள்வி

குடிமைப் பணி (ஐ.ஏ.எஸ்.) முதன்மைத் தேர்வு மதிப்பெண் பட்டியல் வந்து நான்கு நாள் ஆகிறது. அரசியல் அறிவியல் விருப்பப் பாடம், தமிழில் எழுதினேன். இரண்டாம் தாளில் சென்ற முறை 84, இந்த முறை 127. அம்மா அழுதேவிட்டார். எனக்குத் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கோட்பாட்டுப் பகுதி பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. போர், போர்க்குற்றம், பன்னாட்டுப் பாதுகாப்பு பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னைக் கவிழ்த்ததும் தூக்கிவிட்டதும் அதுதான்.

முதல் முயற்சியில், மனிதாபிமானத் தலையீடு (மக்களைக் காக்க வேறு நாட்டில் படையோடு தலையிடுவது) பற்றிய கேள்விக்கு, “சர்வதேச நீதிமன்றம் ரட்கோ மிலாடிச்சுக்கு ஆயுள் தண்டனை விதித்தது” என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். மிலாடிச், 1990களின் போஸ்னியப் போரில் போஸ்னிய செர்பியப் படையின் தளபதி. அந்த நீதிமன்றத்துக்குத் தனி மனிதரைத் தண்டிக்கும் அதிகாரமே கிடையாது. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் அது உறைத்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

தமிழில் படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் எளிதாக வரும். சர்வதேச நீதிமன்றம், சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் என்று பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். போதாததற்கு இரண்டும் ஹேக் நகரில் இருக்கின்றன. நூலகத்தில் ஒரு தம்பி கேட்டான்: “ரெண்டும் ஒரே ஊர்லதானே இருக்கு, அப்புறம் என்னண்ணா வித்தியாசம்?” நான் சொன்னது இதுதான்: கூண்டில் நிற்பது நாடா, ஆளா என்று முதலில் கேள். நாடு என்றால் 1945இல் ஐ.நா. சாசனத்தோடு பிறந்த சர்வதேச நீதிமன்றம். ஆள் என்றால் 1998 ரோம் சட்டத்தின்படி அமைந்து 2002இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நீதிமன்றம், அல்லது அதற்கு முன்பே ஐ.நா. அமைத்த தனித் தீர்ப்பாயங்கள்.

இதை வைத்து எந்தப் போரையும் பிரித்துப் பார்க்கலாம். உக்ரைன்: 2022 மார்ச்சில் ராணுவ நடவடிக்கையை நிறுத்தச் சொல்லி ரஷ்யா என்ற நாட்டுக்கு உத்தரவு, 2023 மார்ச்சில் புதின் என்ற ஆளுக்குப் பிடியாணை. காசா: 2024 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில் இஸ்ரேலுக்கு இடைக்கால உத்தரவு, அதே ஆண்டு நவம்பரில் நெதன்யாகுவுக்குப் பிடியாணை.

இனி நான் படித்த விதம். என்னால் பத்துப் போர்களை ஒன்றாகப் படிக்க முடியாது. ஒன்றில் முங்கி எழுந்தால்தான் மனதில் நிற்கும். அதனால் போஸ்னியாவில் உள்ள ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டுத் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் குறிப்பு எழுதுவேன். ஜூலை 11 தாளை இதற்கென்றே எடுத்து வைத்தேன். 1995இல் மிலாடிச்சின் படையிடம் அந்த ஊர் விழுந்த நாள் அது.

1993இல் ஐ.நா. பாதுகாப்பு அவை அந்த ஊரைப் ‘பாதுகாப்பான பகுதி’ என்று அறிவித்தது. காவலுக்கு இருந்தவர்கள் சில நூறு டச்சு வீரர்கள். ஊர் விழுந்ததும் ஆயிரக்கணக்கான போஸ்னிய முஸ்லிம்கள் பக்கத்தில் பொடோச்சாரியில் பழைய பேட்டரி தொழிற்சாலையில் இருந்த டச்சு முகாமுக்கு ஓடினார்கள். பெண்களும் குழந்தைகளும் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். ஆண்களையும் பையன்களையும் தனியே பிரித்தார்கள். சில நாட்களில் 8,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள். முகாமுக்குள் புகுந்திருந்த ஆண்களையும் வெளியே அனுப்பியதற்காக, சுமார் 350 பேரின் சாவில் நெதர்லாந்து அரசுக்கும் பத்து சதவீதப் பொறுப்பு உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2019இல் சொன்னது. காப்பதாக வாக்குக் கொடுத்தவன் கைவிட்டால் அவனுக்கும் குற்றத்தில் பங்கு உண்டா? அறநெறித் தாளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஜூலை 11 தாளின் அடியில் இருந்தவை:

நாடு: 2007, சர்வதேச நீதிமன்றம். நடந்தது இனப்படுகொலை. செர்பியா அதைச் செய்யவில்லை, ஆனால் தடுக்கத் தவறியது.
ஆள்: மிலாடிச், 2017, ஐ.நா. அமைத்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம். 2002க்கு முந்தைய குற்றம், குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகாது.
பின்விளைவு: 1999 கொசோவோ, பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லாமல் 78 நாள் நேட்டோ குண்டுவீச்சு. 2005 ‘காக்கும் பொறுப்பு’: ஒரு நாடு தன் மக்களைக் காக்கத் தவறினால் மற்ற நாடுகள் ஐ.நா. வழியே தலையிடலாம் என்ற கொள்கை. 2011 லிபியா, படைத் தலையீட்டுக்குப் பாதுகாப்பு அவை அனுமதி, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது.

இந்த ஒரு தாளை வைத்தே இந்த முறை மூன்று கேள்விகளுக்கு எழுதினேன்.

முள்ளிவாய்க்காலைப் பற்றி எழுதும்போது நம் ஆட்களுக்குக் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. முதல் முறை இரண்டு பக்கம் வெறும் வேதனையை மட்டும் எழுதிவிட்டு வந்தேன். இந்த முறை, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற 2011 ஐ.நா. வல்லுநர் குழு அறிக்கையையும், ஐ.நா.வின் சொந்தத் தோல்வியை ஒப்புக்கொண்ட 2012 உள் ஆய்வையும் வைத்தேன். இலங்கை ரோம் சட்டத்தில் சேராத நாடு, அதனால் இலங்கையே சம்மதித்தாலோ பாதுகாப்பு அவை வழக்கை அனுப்பினாலோதான் குற்றவியல் நீதிமன்றம் அங்கே நுழைய முடியும் என்பதையும் எழுதினேன். இனப்படுகொலை என்ற சொல்லைப் போட்டால், ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் என்ற 1948 உடன்படிக்கை வரையறையும் கூடவே வர வேண்டும். வேதனையைக் குறைத்து எழுதச் சொல்லவில்லை. ஆண்டும் ஆவணமும் பக்கத்தில் இருந்தால் திருத்துபவரால் அதைத் தள்ளிவிட முடியாது.

சில சில்லறை விஷயங்கள்:

- அயல் பெயர்களைத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிப் பழகுங்கள்.
- 15 மதிப்பெண் கேள்விக்கு ஒரு வழக்கு போதும்.
- தீர்ப்பு ஆண்டையும் சம்பவ ஆண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யுங்கள்.

அந்த ஜூலை 11 தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.