கடித்தது மகனை, நக்கியது அத்தையின் கையை

மகனுக்கும் அத்தைக்கும் ரேபிஸ் தடுப்பூசி ஒருவழியாக முடிந்தது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். தெருநாய் கடித்தால் எல்லோரும் பதறி ஓடுகிறோம். வீட்டில் வளரும் குட்டி கடித்தால் ஊசி போட வேண்டியவர்களே அசட்டையாகப் பேசுகிறார்கள். என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

நாங்கள் இருப்பது காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில். மகனின் நண்பன் வீட்டிலிருந்து வந்த நாய்க்குட்டி, பிறந்து இரண்டு மாதம் இருக்கும். விளையாடும்போது மகனின் ஆள்காட்டி விரலில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். பையன் அழுதாலும் நேரத்தைக் குறைக்காதீர்கள். இந்த வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு தடவச் சொன்னார்கள், வேண்டவே வேண்டாம் என்றேன்.

போன முதல் இடத்தில் டி.டி. ஊசி ஒன்றைப் போட்டு, "வீட்டுக் குட்டிதானம்மா, பத்து நாள் பாருங்க, செத்தா வாங்க" என்று அனுப்பப் பார்த்தார்கள். டி.டி. வில்வாத நோய்க்கானது, ரேபிஸைத் தடுக்காது. நாயை 10 நாள் கவனிப்பது சரிதான். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். நான் நகராமல் நின்றதும் அடுத்த காரணம் வந்தது. ஒரு பாட்டில் மருந்து பல பேருக்கு வரும், உடைத்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், அதனால் ஆள் சேரட்டும் என்றார்கள். மருந்து வீணாகக் கூடாதென்ற கவலை எனக்கும் புரிகிறது. அதற்காக ரத்தம் வந்த குழந்தையை மதியம் வரை பெஞ்சில் உட்கார வைப்பதா? முதல் ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

இதைவிடக் கோபம் வந்தது சீரம் விஷயத்தில். ரத்தம் வந்த கடி, மிக ஆபத்தான மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு, தயாராகவே எதிர்ப்புச் சக்தி உள்ள இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும், சீரம் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வைரஸ் நரம்பைப் பிடித்து மூளை நோக்கி ஏறாமல் இருக்க, காயத்திலேயே கொடுக்கும் காவல் இது. விரல் நுனியில் நரம்புகள் அதிகம் என்பதால் இன்னும் ஆபத்து. நானாகக் கேட்ட பிறகுதான், "அது இங்க கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்கள். காலையில் நுழைந்தபோதே சொல்லியிருக்கலாமே!

பெரிய ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு, எடை, ஊசி என்று வேலை சீக்கிரம் முடிந்தது. எடையை வைத்துத்தான் சீரத்தின் அளவு. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் 20. பல் பதிந்த இடத்தைச் சுற்றி மெல்லிய ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பிஞ்சு விரல் வெளுத்துப் புடைத்துவிட்டது. பையன் துடித்த துடிப்பைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் மருந்து காயத்துக்குள் போனால்தான் பலன். இடுப்பில் மட்டும் குத்தி அனுப்பப் பார்த்தால் விடாமல் கேளுங்கள்.

மூன்றாம் நாள் ஊசிக்கு முன்பே குட்டி பால் குடிப்பதை நிறுத்தி, வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனது. குட்டியின் தாயை ஒரு தெருநாய் கடித்திருந்த சேதி அப்புறம்தான் தெரிந்தது.

அப்போதுதான் அத்தையின் கைகள் கண்ணில் பட்டன. அது புளி சீசன். நாள் முழுக்கப் புளி தட்டிக் கொட்டை எடுத்ததில் விரலெல்லாம் கீறலும் வெடிப்புமாக இருந்தது. அந்த விரலைப் பாலில் தோய்த்துத்தான் குட்டிக்கு நக்கக் கொடுத்திருக்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு போனால், சீட்டு எழுதுகிறவர், "கடிக்கலையே, நக்கினதுக்கெல்லாம் ஊசியா?" என்று எழுதவே மறுத்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த படத்திலேயே இருந்தது, புண்ணான தோலில் எச்சில் பட்டாலும் மூன்றாம் வகை என்று. விரல் நீட்டிக் காட்டினேன். திரும்பிப் படித்துவிட்டு, எதுவும் பேசாமல் சீட்டு எழுதினார். அத்தைக்கும் சீரம் கிடைத்தது. புண் இல்லாத தோலில் நக்கியிருந்தால் கழுவினாலே போதும்.

அத்தைக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்ற பயம் வேறு. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. இப்போது இரண்டு தோள்களிலும் தோலுக்குள் ஒரு சொட்டு அளவுதான்.

ஊசி விவரம் எழுதித் தரும் அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழாம் நாள் ஊசிக்கு வேறு இடத்துக்குப் போனால் திருப்பி அனுப்பினார்கள். முதலில் போட்டது தோலிலா தசையிலா என்று அட்டையில் யாரும் எழுதவில்லையாம். முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, தோலில் என்றால் 0, 3, 7, 28-ம் நாள்கள், தசையில் என்றால் 14-ம் நாளும் சேரும். வெயிலில் அந்த அலைச்சல் முழுக்க வீண். எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். ஊசி நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஓ.பி. இருக்காது, அவசரப் பிரிவில் கேளுங்கள். சீரம் எங்கே இருக்கிறது என்று 104 என்ற சுகாதார உதவி எண்ணில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் கிடைக்காவிட்டாலும் முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் மருத்துவரால் காப்பாற்ற முடியாது, அதனால் கடி சின்னது என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

குட்டி வந்த வீட்டில் இருந்த எல்லோரையும் ஊசிக்கு அனுப்பி வைத்தோம். அதே ஈற்றில் பிறந்த இன்னொரு குட்டி மத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தது. அவர்களுக்கு போன் போட்டதும், "பால்குடிக் குட்டிக்கு ஏதுங்க வெறி?" என்றுதான் முதலில் கேட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.