கடற்பக்கமாக யாழ்ப்பாணம் பார்த்தல்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து சேரும் உறவினர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். காலையில் நல்லூர், பின்னேரம் பொது நூலகம், அங்கிருந்து கோட்டை, இரவு ஐஸ்கிறீம், மறுநாள் நயினாதீவு. அதோடு பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். இந்த வரிசையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், பழைய துறைமுகப் பட்டினம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்ற எண்ணம் அவர்களில் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. வராததற்கும் காரணம் இருக்கிறது. கோட்டைக் கொத்தளத்தில் ஏறிக் கடலேரியைப் பார்த்தால் கப்பலோ பாரந்தூக்கியோ கண்ணில் படாது. இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நடந்துபோகும் மனிதர்தான் தெரிவார்.

பட்டினத்தின் வரலாற்றுக்கே அந்த இடுப்பளவுத் தண்ணீர்தான் திறவுகோல் என்பேன். யாழ்ப்பாணக் கடலேரி ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் நகரத்தின் வாசலுக்கு வர வழியில்லை. அவை மேற்கே ஊர்காவற்றுறையில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் தோணிகளிலும் வள்ளங்களிலும் ஏறிக் கடலேரி வழியாகப் பட்டினத்துக்கு வந்து சேர்ந்தன. ஆகவே கோட்டையில் தொடங்கி, பண்ணைப் பாலத்தைக் கடந்து, தீவுப்பகுதி வழியாக வெளிக்கடல் வரை போய்ப் பார்க்கிறவருக்கே இந்த ஊர் முழுதாகப் புரியும். என் வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் நான் இந்த வழியைத்தான் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் நேரே ஐஸ்கிறீம் கடைக்குப் போகிறார்கள்.

யாழ்ப்பாண அரசின் தலைநகர் கடற்கரையில் இருக்கவில்லை, நல்லூரில் இருந்தது. 1619 இல் இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், கடல்வழித் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத் தங்கள் இருப்பிடத்தைக் கடலேரிக் கரைக்கு மாற்றி, அங்கே கோட்டையைக் கட்டினார்கள். 1658 இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், பழைய சதுர வடிவத்தை விட்டு, ஐந்து கொத்தளங்களும் சுற்றிலும் அகழியும் கொண்ட ஐங்கோணக் கோட்டையாக அதனை விரித்துக் கட்டினார்கள். வெளி அரண்கள் முடிந்த சில ஆண்டுகளிலேயே, 1795 இல், கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

கோட்டைக்குள் போகிறவர்கள் மதிலின் கற்களைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கருங்கல் நம் மண்ணில் இல்லை. சுண்ணாம்புக் கல்லும் கடலிலிருந்து வெட்டியெடுத்த முருகைக் கல்லும் (பவளப்பாறை)தான் இந்த மதிலைத் தாங்குகின்றன. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடங்களில் முருகையின் வளைந்து நெளிந்த வரிகளை விரலால் தடவிப் பார்க்கலாம். உள்ளே 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இப்போது கற்குவியலாகத்தான் கிடக்கிறது. 1990 இல் இந்தக் கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகையும் அதற்குப் பின்னான காலமும் நூற்றாண்டுகள் தாங்கிய கட்டடங்களைத் தின்றுவிட்டன. போருக்குப் பின் நெதர்லாந்தின் உதவியோடு மதில்களும் வாசலும் திருத்தப்பட்டுள்ளன. சில இடங்களில் புதுக்கல்லையும் பழங்கல்லையும் ஒரே பார்வையில் பிரித்தறியலாம் என்பதால், அந்தத் திருத்தம் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் இடிந்தபடியே விட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் போயிருக்கும். நண்பகலில் போகாதீர்கள், கொத்தளத்தில் ஒதுங்க நிழல் கிடையாது. வெயில் தாழ்ந்த பிறகு ஏறினால் மதிலின் மேலேயே ஒரு சுற்று நடந்துவரலாம்.

கோட்டைக்கு அருகிலேயே பொது நூலகம். 1959 இல் திறக்கப்பட்ட அந்த வெண்ணிறக் கட்டடம், 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அதனோடு போயின. இன்று புதுப்பிக்கப்பட்டு இயங்கும் நூலகத்தைச் சுற்றுலாத் தலமாக மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவது எனக்கு ஒப்புதல் இல்லை. அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்வையாளருக்கென்று ஒதுக்கிய மாலை நேரத்தில் போய், சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வர வேண்டும். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கென்று தனியாகப் போக வேண்டியதில்லை.

நல்லூரைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த பின், இன்றைய கோயில் 1734 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுந்தது என்பதும், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால் போதும். கோயிலோடு திரும்பிவிடாமல், சற்றுத் தள்ளி இருக்கும் மந்திரிமனையையும் 'ப' வடிவக் கேணியான யமுனா ஏரியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனிக் கடலுக்குப் போகலாம். பண்ணைப் பாலத்தில் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, ஐந்து நிமிடம் இறங்கி நில்லுங்கள். இரு பக்கமும் தண்ணீரில் வரிசையாக நட்டிருக்கும் தடிகளும் அவற்றில் கட்டிய வலைகளும் களங்கட்டிகள். நீரோட்டத்தோடு வரும் மீனும் இறாலும் வலைச் சுவரை ஒட்டியே நகர்ந்து, கடைசியில் திரும்ப வழி தெரியாத அறைக்குள் போய் அடைபடும். காலையில் மீனவர் வந்து அள்ளிக்கொண்டு போவார். பெரிய கப்பலுக்கு உதவாத ஆழம் இந்தத் தொழிலுக்கு அளவாக இருக்கிறது. மாரி காலத்தில் மண்டைதீவுப் பக்கம் பூநாரைகள் கூட்டமாக இறங்குவதையும் இந்தத் தெருவிலிருந்தே பார்க்கலாம்.

ஊர்காவற்றுறையில் போய் இறங்குகிறவர்கள் முதலில் ஏமாற்றமடைவார்கள். ஆளரவம் குறைந்த சந்தி, பழைய கட்டடங்கள், அமைதியான கரை, அவ்வளவுதான். ஆனால் வன்னிக் காடுகளில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாக நடத்திக் கொண்டுவரப்பட்டு, கப்பலேறி வங்காளம் வரை போனது இந்தத் துறை வழியாகத்தான். இந்தத் துறையின் பழமைக்கு எழுத்துச் சான்றும் உண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், முதலாம் பராக்கிரமபாகு மன்னன், பரதேச வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இந்த ஊர்காவற்றுறைக்கு, வர வேண்டும் என்றும் அவர்களுக்குக் காவல் உண்டு என்றும் அறிவிக்கிறான். யானையும் குதிரையும் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருகிறவனுக்குச் சலுகை கூட. அம்மனைக் கும்பிடப் போகிறவர்களில் எத்தனை பேர் இந்தச் சுங்கச் சட்டத்தைத் தேடிப் பார்க்கிறார்கள்?

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, நீரிணையின் நடுவில் நிற்பது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. குடிதண்ணீர் இல்லாமல்தான் உள்ளிருந்தவர்கள் பணிந்தார்கள். பிற்காலத்தில் சிறையாக இருந்து, 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது அதன் தலைவர் ரோகண விஜேவீரவும் அங்கே அடைக்கப்பட்டிருந்தார். இப்போது அது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. காரைநகர்ப் பக்கமிருந்து படகில் போய்ப் பார்க்க ஏற்பாடு உண்டு. இரு கரைகளுக்கும் இடையே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி இறக்கும் மிதவையை எங்களூரில் 'பாதை' என்போம். அது ஓடும் நாளா, பழுதாகி நிற்கும் நாளா என்பதை முதல்நாளே யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நகரத்துக்குத் திரும்பி, முழு வட்டம் அடித்து வர வேண்டியிருக்கும். பாதையில் போகிறவர் காரைநகரில் கசூரினா கடற்கரையில் குளித்துவிட்டு, பொன்னாலைப் பாலம் வழியாக வீடு திரும்பலாம்.

நேரம் உள்ளவர்கள் நெடுந்தீவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து 776 ஆம் இலக்க பஸ் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறது. அங்கிருந்து நயினாதீவு எட்டிவிடும் தூரம், நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலைப் படகைத் தவறவிட்டால் அந்த நாள் போயிற்று. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுப் பெயரும் மாதங்களில் அலை படகின் மேல்தட்டு வரை எழும். "தங்கச்சி, உள்ளுக்குப் போய் இருங்கோ, மேல நிண்டால் நனைஞ்சு போவியள்" என்று படகுக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. இதே வழியில்தான் 1985 மே 15 இல் குமுதினிப் படகில் வந்தவர்கள் கடலில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவிடம் தீவின் இறங்குதுறையருகே இருக்கிறது. தீவைச் சுற்றப் போகும் முன் அங்கே சற்று நின்றுவிட்டுப் போகலாம்.

தீவில் வீட்டுக்கு வீடு, வயலுக்கு வயல், சாந்து பூசாமல் முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள்தான். ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, இடிந்த கோட்டை, தெற்கு வெளியில் மேயும் குதிரைகள் என்று இறங்குதுறையில் நிற்கும் ஓட்டோக்காரரே வரிசையாகக் காட்டிவிடுவார். கோடை முற்றினால் தண்ணீருக்கு அலையும் அந்தக் குதிரைகளைத் துரத்திப் படம் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வடகரைத் துறைகளுக்கு இன்னொரு நாள் வேண்டும். காங்கேசன்துறைக்கு 1905 இலேயே ரயில் வந்துவிட்டது. போரில் அறுந்த பாதை 2015 இல் மீண்டும் அங்கே போய்ச் சேர்ந்தது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கான பயணிகள் கப்பலும் தொடங்கியது. ஆனால் அது பருவத்தையும் காற்றையும் பார்த்து ஓடுவதால், அதை நம்பித் திரும்பும் நாளை முடிவு செய்யாதீர்கள். பக்கத்திலே கீரிமலை. அலை மோதும் கரையை ஒட்டிய கேணியில் நன்னீர் ஊறுகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். கிழக்கே போனால் வல்வெட்டித்துறை. இவ்வூரார் வேப்பமரத்தில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, அது 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. ஓட்டிப்போனவர்களும் இவ்வூரார்தான்.

பருத்தித்துறையில் 1916 இல் கட்டிய வெளிச்சவீட்டை விட எனக்குப் பிடித்தது தெருமூடிமடம். தெருவையே கூரைக்குள் அடக்கி, இரு பக்கமும் கல்தூண்களும் திண்ணைகளும் வைத்துக் கட்டிய மடம். துறையிலிருந்து மூட்டையோடு வந்தவரும் வழிப்போக்கரும் இளைப்பாறிய திண்ணையில் நீங்களும் உட்காரலாம், நடுவே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்கும். திரும்பும்போது பருத்தித்துறை வடை ஒரு பை வாங்குங்கள். நகரக் கடைகளிலும் கிடைக்கும் என்றாலும் சூடாகத் தின்ன இங்கேதான் வர வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் வாடைக்காற்றும் என்பதால் படகுகள் நினைத்தபடி ஓடா. தீவுகளுக்குத் தையிலிருந்து சித்திரை வரை ஏற்ற காலம். தைப்பொங்கலன்று வந்தால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழாவையும் பார்க்கலாம். அன்றைக்கு வடமராட்சித் தெருக்கள் நிறைந்துவிடும், ஆகையால் தங்குமிடத்தையும் வாகனத்தையும் மார்கழியிலேயே சொல்லிவையுங்கள்.