லேப்டாப்பை யாரும் திறக்காமல் பார்த்துக்கொண்டது: ஒரு தரவுத் திருட்டு வழக்கின் அனுபவம்

எங்கள் நிறுவனத்தில் வேலையை விட்டுப் போன ஒருவர், போவதற்கு முன் வடிவமைப்புக் கோப்புகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சந்தேகம் வந்தது. கணினி நிர்வாகம் பார்க்கிற என்னிடம் மேலிடத்திலிருந்து வந்த முதல் உத்தரவு, "அவரோட லேப்டாப்பைத் திறந்து என்ன இருக்குன்னு பாருங்க" என்பதுதான். நான் திறக்கவில்லை, வேறு யாரையும் திறக்க விடவும் இல்லை. அன்றைக்கு அதற்காக நிறையப் பேச்சு வாங்கினேன், ஆனால் பிறகு வழக்கு நின்றதே அந்த ஒரு மறுப்பின்மேல்தான். இதே நிலைமையில் யாராவது இப்போது உட்கார்ந்திருந்தால் உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

ஏன் திறக்கக்கூடாது? விண்டோஸ் கணினி ஒன்றைச் சும்மா ஆன் செய்து உடனே அணைத்தாலே, நீங்கள் எதையும் தொடாவிட்டாலும், ஏராளமான கோப்புகள் மாறிவிடும். நிகழ்வுப் பதிவுகளில் புது வரிகள் சேரும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் நேரங்கள் மாறும், ஆன்டிவைரஸ் தானாக எழுந்து ஒவ்வொரு கோப்பாகத் துழாவும். அப்புறம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "லேப்டாப்பை ஒப்படைத்த பிறகுள்ள தேதி இதில் எப்படி வந்தது?" என்று கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னாலும், அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பிலிருந்து எடுத்த எதையும் யாரும் முழுதாக நம்பமாட்டார்கள்.

நான் அன்றைக்குச் செய்தது இரண்டே வேலை. ஒன்று, பதிவுகள் அழிவதை நிறுத்தினேன். சர்வர் பதிவுகளுக்கு ஒரு அளவு வரம்பு இருக்கும், அது நிரம்பினதும் பழையதன்மேல் புதியது எழுதப்படும், அதனால் யாரும் எதையும் அழிக்காமலே, சும்மா நாள் கடத்துவதாலேயே சான்று போய்விடும். கோப்புச் சர்வர், வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண்ணை வழங்கும் சர்வர், கதவு அட்டைப் பதிவு எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து தனியாக வைத்தேன். மேகச் சேமிப்புச் சேவைக்கும் அந்தக் கணக்கின் தரவை அழிக்காமல் வைக்கச் சொல்லிச் சட்டப் பிரிவு வழியாகக் கோரிக்கை போனது. நாடுகளுக்கு இடையிலும் இதற்கு வழி இருக்கிறது, கணினிக் குற்றங்கள் பற்றி 2001இல் கையெழுத்தான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் தரவை 90 நாள் வரை அழியாமல் வைத்திருக்க உத்தரவிடும் பிரிவே உண்டு. இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, செய்த ஒவ்வொன்றையும் நேரத்தோடு பேனாவில் எழுத ஆரம்பித்தேன்.

அந்த நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1986இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கட்டணக் கணக்கில் வெறும் 75 சென்ட் இடித்ததைத் துரத்திப் போய் ஓர் ஊடுருவலைக் கண்டுபிடித்த கிளிஃபோர்ட் ஸ்டோல், ஊடுருவியவர் வருகிற இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டி, தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் பதிந்தார், கூடவே ஒரு நோட்டிலும் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். கருவிகள் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டன, ஆனால் எழுதிவைத்தவர் பேச்சுக்குத்தான் எடை என்பது மாறவில்லை. நீதிமன்றத்தில் நான் நினைவிலிருந்து சொன்னதைவிட நோட்டைப் பார்த்துச் சொன்னதைத்தான் கவனமாகக் கேட்டார்கள்.

சரி, தடயவியல் நிபுணர் வந்தார். வந்ததும் எதையும் தொடவில்லை, முதலில் புகைப்படங்கள். லேப்டாப்பின் மேல், கீழ், வரிசை எண், எந்த ஓட்டையில் என்ன செருகியிருக்கிறது என்பது வரை. அப்புறம் ஒரு படிவம்: இது யாரிடமிருந்து யாரிடம், எந்த நேரத்தில், எதற்காகப் போகிறது, உறையின் சீல் எண் என்ன, இருவர் கையெழுத்து. இதிலேயே ஒரு பிரச்சினை வெளிப்பட்டது. லேப்டாப்பை வாங்கி வைத்தவர்கள் அதைப் பூட்டு இல்லாத அலமாரியில் சில நாள் போட்டு வைத்திருந்தார்கள், அந்த நாட்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. மேலதிகாரி ஒருவர், "நேரா என்கிட்டதான் இருந்துச்சுன்னு போட்டுடலாமே" என்றார். நிபுணர் அமைதியாக, "இருந்தது இருந்தபடி எழுதுங்க, இடைவெளி இருந்தா விளக்கிக்கலாம், பொய் இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அப்படியே எழுதினோம். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

அடுத்து எங்களை ரொம்ப யோசிக்க வைத்தது லேப்டாப் இல்லை, வடிவமைப்புப் பிரிவில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொதுக் கணினி. கண்காணிப்பு மென்பொருளில் பார்த்தபோது அந்தக் கணினியில் வழக்கத்துக்கு அதிகமாக ஒரு டிரைவ் எழுத்து தெரிந்தது. யாரோ ஒரு மறையாக்கப்பட்ட பெட்டகத்தை, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாத சேமிப்பிடத்தை, திறந்து அப்படியே விட்டிருக்கிறார்கள். பழைய காலத்து அறிவுரை, மின்கம்பியைப் பிடுங்கு என்பது. இங்கே பிடுங்கியிருந்தால் பெட்டகம் பூட்டிக்கொண்டிருக்கும், கடவுச்சொல் தெரியாமல் திரும்பத் திறக்கவே முடியாது, ஏனென்றால் அதைத் திறக்கும் சாவி அப்போது, மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில் (ரேம்) மட்டும்தான் இருக்கிறது. 2002இல் வந்த ஆர்.எஃப்.சி. 3227 என்ற வழிகாட்டி சொல்வதும் இதைத்தான்: சீக்கிரம் மறைவதை முதலில் எடு. நினைவகம், ஓடும் நிரல்கள், இணைப்புகள் முதலில், வட்டு அதற்குப் பிறகு.

ஆனால் நினைவகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கணினியிலேயே ஒரு நிரலை ஓட்டியாக வேண்டும், ஓட்டினால் அது நினைவகத்தின் ஒரு பகுதியை மிதிக்கும், உள்நுழைவுப் பதிவும் ஒன்று சேரும். 'எதையும் மாற்றாதே' என்று சொன்ன என்னைப் பார்த்து இதைச் சக ஊழியர்கள் கேட்டார்கள். நிபுணர் எந்த நிரல், என்ன பதிப்பு, எந்த யு.எஸ்.பி.யிலிருந்து, எந்த நிமிடத்தில் என்று ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், திரையைத் தொடர்ந்து வீடியோவும் எடுத்தோம். மாற்றமே இல்லாமல் ஓடும் கணினியிலிருந்து சான்று எடுக்க முடியாது. எந்த மாற்றம் நம்மால் வந்தது, எது கணினியை முன்பு பயன்படுத்தியவரால் வந்தது என்று பிரித்துக் காட்ட முடிந்தால் போதும். பெட்டகத்துக்குள் இருந்ததையும் திறந்த நிலையிலேயே பிரதி எடுத்த பிறகுதான் கணினியை நிறுத்தினார்கள்.

லேப்டாப்பின் வட்டை ரைட் பிளாக்கர் வழியாக இணைத்தார்கள். படிக்க மட்டும் விடும், எழுதும் கட்டளை எதையும் உள்ளே விடாது. பிரதி என்றால் கோப்புகளை இழுத்துப் போடுவதில்லை, வட்டின் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை, காலி இடம் என்று தெரிவதையும் சேர்த்து. எடுத்ததும் ஹாஷ் போட்டார்கள், அதாவது தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒரு எழுத்து வரிசை. எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் 64 எழுத்து வரும், பிரதியில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரிசையே வேறாகிவிடும். அதை நானும் சட்டப் பிரிவு ஊழியரும் எங்கள் நோட்டுகளில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். எம்.டி.5 என்ற பழைய ஹாஷும் எடுத்தார்கள், ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. வெவ்வேறு தரவுக்கு ஒரே எம்.டி.5 வரும்படி செய்ய முடியும் என்று 2004லேயே காட்டிவிட்டார்கள், எஸ்.எச்.ஏ.-1 என்ற இன்னொரு ஹாஷ் முறையை 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையமும் சேர்ந்து உடைத்துக் காட்டின. மூல வட்டு சீல் வைத்து உள்ளே போனது. வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் மறையாக்கத்தால் பூட்டப்பட்டிருந்ததால், எங்கள் டைரக்டரியில் (நிறுவனக் கணினிகள், பயனர்களின் மையப் பட்டியல்) இருந்த 48 இலக்க மீட்புச் சாவியை எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தேன், பிரதியின்மேல்தான் அது பயன்பட்டது.

எல்லோரும் எதிர்பார்த்தது அழித்த கோப்புகள் திரும்ப வரும் என்று. வரவில்லை. அது எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகை வட்டு. கோப்பை அழித்ததும் இயங்குதளம், இந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று சொல்லும் டிரிம் கட்டளையை அனுப்பும், அப்புறம் அந்த வட்டு தனக்குள்ளேயே அந்த இடங்களைத் துடைத்துக்கொள்ளும், ரைட் பிளாக்கரால் அதைத் தடுக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த வேலை நடப்பது வட்டுக்கு உள்ளே. இதைக் கேட்டு நிர்வாகம் துவண்டுவிட்டது. எனக்கும் கவலைதான்.

ஆனால் விண்டோஸ் சுற்றி விட்டுவைக்கிற தடங்கள் இருக்கின்றனவே. யார் எந்தக் கோப்பை எங்கே காப்பி செய்தார் என்று விண்டோஸ் தானாக எழுதிவைப்பதில்லை, இது பலருக்குத் தெரியாது. ஆனால் எந்த யு.எஸ்.பி. எப்போது முதலில் செருகப்பட்டது என்பது ரெஜிஸ்ட்ரியிலும் நிறுவல் பதிவிலும் இருக்கும். ஒரு கோப்பைத் திறந்தால் உருவாகும் குறுக்குவழிக் கோப்பில், அது எந்த டிரைவில் இருந்தது, அந்த டிரைவின் தொகுதி எண் என்ன என்பதெல்லாம் பதிந்திருக்கும். பிறகு காவல்துறை கைப்பற்றிய பென் டிரைவின் எண்ணும் லேப்டாப்பில் இருந்த எண்ணும் ஒன்று. அந்தப் பென் டிரைவில் இருந்த கோப்புகளிலோ, உருவான நேரம் திருத்திய நேரத்துக்குப் பிந்தையதாக இருந்தது, வேறு டிரைவுக்குக் காப்பி செய்யும்போது வழக்கமாக வரும் அடையாளம் அது. ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிடங்களுக்குள் வரிசையாக உருவாகியிருந்தன.

நேரத்தைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறையில் உள்ள வட்டு உலகப் பொது நேரத்தில் எழுதும், ஃபேட் என்ற பழைய கோப்பு முறையில் உள்ள பென் டிரைவ் உள்ளூர் நேரத்தில் எழுதும், அதுவும் திருத்திய நேரத்தை 2 வினாடிப் படிகளில்தான். கதவுப் பதிவு உள்ளூர் நேரம், சர்வர் பொது நேரம். போதாததற்குப் பொதுக் கணினியின் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கியிருந்தது. இவற்றை ஒரே கோட்டில் அடுக்கவே நிபுணருக்கு வேலையில் பெரும்பங்கு போயிற்று. கடிகார வித்தியாசத்தை முதல் நாளே புகைப்படத்தோடு குறித்துவைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

இப்போது, இதை எழுத முக்கியக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். பொதுக் கணினியில் பெட்டகம் திறந்திருந்தது வேறொரு ஊழியரின் பயனர் பெயரில். அந்தப் பெயர் தெரிந்த கணமே அலுவலகத்தில் அவரைக் கூட்டாளி என்று முடிவு கட்டிவிட்டார்கள், யாரும் அவரோடு பேசவில்லை, அவர் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பயனர் பெயர் என்பது ஆள் இல்லை என்று நான் எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை. நிகழ்வுப் பதிவில் 4624 என்ற எண்ணில் ஒவ்வொரு உள்நுழைவும் இருக்கும், அதில் வகையும் இருக்கும்: நேரில் உட்கார்ந்து நுழைந்தால் 2, தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் 10. அங்கே இருந்தது 10, கூடவே எந்த ஐ.பி.யிலிருந்து என்பதும். அந்த ஐ.பி. அந்த நேரத்தில் யாருக்கு வழங்கப்பட்டிருந்தது என்று நான் முதல் நாள் எடுத்துவைத்த பதிவில் தேடினால், வேலையை விட்டுப் போனவரின் அதே லேப்டாப். கதவுப் பதிவின்படி அந்தச் சக ஊழியர் அப்போது கட்டடத்திலேயே இல்லை. அந்தச் சக ஊழியர் தன் கடவுச்சொல்லை ஒருமுறை அவசர வேலைக்காக வேலையை விட்டுப் போனவரிடம் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஐ.பி. பதிவு இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மேலெழுதப்பட்டிருக்கும், அந்த மனிதர் தன்னை நிரூபிக்க வழியே இருந்திருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த லேப்டாப்பில் சந்தேகத்துக்குள்ளானவரின் குடும்பப் படங்கள், மருத்துவக் காகிதங்கள் எல்லாம் இருந்தன. நிபுணர் தேடல் சொற்களையும் கால எல்லையையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டார், அதற்கு வெளியே இருந்ததை எங்களுக்குக் காட்டவே இல்லை. நிர்வாகத்தில் சிலர் ஆர்வமாகக் கேட்டும் மறுத்தார். அது சரியான மறுப்பு.

குறுக்கு விசாரணையில் என்னிடம், என்ன கிடைத்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. "நீங்கள் நிர்வாகி, எல்லா உரிமையும் உங்களிடம், நீங்களே கோப்பைப் போட்டிருக்கலாமே?" என்பதுதான் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி. பதிவான நேரம் முழுவதும் லேப்டாப் ஒரு நிமிடம்கூட என் தனிக் கையில் இருந்ததில்லை என்று படிவம் காட்டியது. கோப்புச் சர்வரின் பதிவுகள் எனக்கு அழிக்கும் உரிமை இல்லாத தனிச் சேமிப்புக்கும் அப்போதைக்கப்போது போய்க்கொண்டிருந்தன, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஹாஷை நீதிமன்றத்திலேயே மறுபடி போட்டார்கள், என் நோட்டில் இருந்த 64 எழுத்தும் பொருந்தியது. அடுத்து அந்த அலமாரி நாட்களைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் விண்டோஸ் ஒருமுறைகூடத் தொடங்கவில்லை என்று நிகழ்வுப் பதிவு சொன்னது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாற்றியிருக்கலாமே என்றார் வழக்கறிஞர், நியாயமான கேள்விதான். வட்டு பூட்டப்பட்டிருந்தது, மீட்புச் சாவியை யார் எப்போது எடுத்தார்கள் என்பதற்கும் பதிவு இருந்தது, தவிர லேப்டாப்பில் தெரிந்த நேரங்கள் சர்வர் பதிவோடு வரிக்கு வரி ஒத்துப்போயின என்று நிபுணர் பொறுமையாக விளக்கினார். இடைவெளியை நாங்களே முதலில் எழுதியிருந்ததால், அதை மறைத்ததாக யாராலும் சொல்ல முடியவில்லை.

தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. சக ஊழியர் பெயர் எந்தக் குற்றப் பட்டியலிலும் சேரவில்லை, அவர் வேலைக்குத் திரும்பினார். நான் அதற்குப் பிறகு எல்லாக் கணினிகளின் கடிகாரத்தையும் ஒரே நேரச் சர்வரோடு இணைத்தேன், பதிவுகள் தங்கும் காலத்தை நீட்டினேன், வேலையை விட்டுப் போகிறவரின் கருவிகள் வாங்கிய நிமிடமே சீல் வைத்த உறைக்குள் போக வேண்டும், கைபேசியாக இருந்தால் அணைக்காமல் சிக்னல் புகாத பையில் மின்னேற்றியோடு போக வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். கைமாற்றுப் படிவத்தின் பிரதிகள் அலமாரிக்கு அருகிலேயே இருக்கின்றன, கையெழுத்து இல்லாமல் எதையும் நான் வாங்குவதில்லை.