மூன்றாம் பாகத்தின் பின்பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, பிரம்படி ஆகிய மூன்றும்தான் முதலில் நினைவுக்கு வந்தன. மூன்றையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பிரம்படியில் அனுபவம் மிக்கவர்கள் சங்கத்தின் செயற்குழுவிலும் இருக்கிறார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது நூலகத்தின் மூலையில் நின்ற கண்ணாடி அலுமாரி ஒன்றுதான்.

அதன் அடித்தட்டில் கறுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகங்கள் நான்கு இருந்தன. கல்கி தன் பெயரிலேயே நடத்திய வார இதழில் 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனை, யாரோ ஒரு புண்ணியவான் வாராவாரம் கழற்றி எடுத்து, சேர்த்து, கட்டுவித்து, பின்னர் பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். கதைக்கு ஐந்து பாகங்கள். எங்களிடம் இருந்தவை நான்கு. மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ காணாமல் போயிருந்தது. இரவல் பதிவேட்டில் அதைக் கடைசியாக எடுத்தவரின் பெயர் இருந்த இடத்தில் பெரிய மைக்கறை. தற்செயலாகக் கொட்டிய மை அவ்வளவு நேர்த்தியாக ஒரே வரியில் நிற்குமா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

கடைசித் தவணை விடுமுறைக்கு மட்டும் ஒருவர் இரண்டு புத்தகங்கள் கொண்டுபோகலாம். வெளியே மாரி மழை, வீட்டில் வேறு வேலை இல்லை. முதல் இரண்டு பாகங்களையும் அப்படித்தான் ஒரே மூச்சில் படித்தேன். புதுத் தவணை தொடங்கியதும் நூலகத்துக்கு ஓடினால் அடுத்தது நான்காம் பாகம். நானும் பக்கத்து வாங்கில் இருந்த நண்பனும் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி, இடையில் நடந்ததை நாமே எழுதிவிடுவோம் என்று முடிவுசெய்தோம். கணிதக் கொப்பியின் பின்பக்கங்களில் மூன்று போர்கள், இரண்டு சுரங்கப் பாதைகள், ஒரு யானைச் சண்டை. கதாநாயகன் வந்தியத்தேவனுக்கு நாலு இடத்தில் காயம். கொப்பி கணித மாஸ்டரின் கையில் சிக்கியதும் எங்களுக்கும் கொஞ்சம் காயம்.

இந்த நாட்டுக்கு வந்து முதல் பனிக்காலத்தில்தான் ‘கொலை வாள்’ கிடைத்தது. பொது நூலகத்தில் தமிழுக்கென்று ஒரு றாக்கை இருக்கிறது என்று வேலை செய்யுமிடத்தில் ஒருவர் சொன்னார். இரவு வேலை முடிந்து ரயிலில் வரும்போது படித்தேன். நாங்கள் எழுதிய போர்களில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆட்கள் பேசிக்கொண்டேயிருந்தார்கள். ஒளிந்திருந்து கேட்டார்கள், சந்தேகப்பட்டார்கள், ஓலை கொண்டுபோனார்கள். பள்ளிக்கூட வயதில் கிடைத்திருந்தால் ஏமாந்திருப்பேன். அந்த ரயிலிலோ இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன்.

அதன் பிறகுதான் எனக்கு ஒரு வாசிப்புக் காலக்கணக்கு உண்டானது. வீட்டில் இதைப் பைத்தியம் என்பார்கள். கதை ஆடிப் பதினெட்டாம் நாள் மாலையில் தொடங்குகிறது இல்லையா? அதனால் முதல் அத்தியாயத்தை அந்த நாளில் மட்டுமே படிப்பேன். அது ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும். இங்கே அப்போது இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். பனிக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்பி, நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிய பிறகுதான் இரண்டாம் அத்தியாயம். இடையில் வரும் மாதங்களில் வந்தியத்தேவன் குதிரையோடு ஏரிக்கரையில் காத்திருப்பான். அவசர ஓலையோடு வந்தவனை இப்படி நிறுத்திவைப்பது நியாயமில்லைதான்.

வெயில் காலத்தில் வரலாற்று நாவல் எனக்குச் சரிவராது. வெளியே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்கும்போது அரண்மனைச் சதி மனதில் ஒட்டாது. அப்போது சிறுகதை, கவிதை, பயணக் கட்டுரை, அவ்வளவுதான். பனி உருகும் பங்குனியில் கல்வெட்டு. இதைக் கேட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் நாவலை முடித்த கையோடு கல்வெட்டைப் படித்துப் பாருங்கள், அதன் ருசியே வேறு.

எடுத்துக்காட்டுக்கு அந்த வந்தியத்தேவனையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பாகங்களைத் தோளில் சுமக்கிற நாயகன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலோ அவர் இராஜராஜனின் தமக்கை குந்தவைப் பிராட்டியாரின் கணவர் என்ற அளவில்தான் வருகிறார். மனைவி கொடுத்த கொடையைப் பதிவுசெய்யும்போது, இன்னாருடைய தேவியார் என்று ஒரு அடையாளத்துக்காக அவர் பெயர். அந்த ஒற்றைப் பெயருக்குக் குதிரையும் வாயும் கொடுத்தது கல்கியின் கை.

அதே கோயிலில் இராஜராஜனின் ஆணை ஒன்று இருக்கிறது. “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லில் வெட்டுக என்கிறான். முதல் முறை படித்தபோது ‘அக்கன்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். பேரரசன் தன் தமக்கையை நாம் வீட்டில் சொல்வதுபோல் சொல்கிறானே என்று ஒரே பூரிப்பு. இப்போது நான் நிற்பது ‘மற்றும் குடுத்தார்’ என்ற இடத்தில். யார் அந்த மற்றவர்கள்?

தேடிப் போனால், கொடுத்தவர்களை மட்டுமல்ல, கோயிலில் வேலை செய்தவர்களைப் பற்றியும் கல்வெட்டே விவரம் சொல்கிறது. கோயிலுக்கென்று குடியேற்றப்பட்ட ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களோடு நட்டுவர், பாடுவோர், கணக்கர், தையற்காரர், நாவிதர் என்று இன்னொரு நீண்ட பட்டியல். ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு தபால்காரர் போனால்கூட வீடு தவறாமல் கடிதம் கொடுத்துவிடலாம்.

வேறு கோயில்களில் விளக்குக் கணக்கு. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள். இடையர் அவற்றைப் பொறுப்பெடுத்து நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. கிழமாகிச் செத்தாலும் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையக்கூடாது என்று கணக்கு. விளக்கைக் கொடுத்தவர் பெயர் பெரிதாக நிற்கும். விடியற்காலையில் எழுந்து அந்த ஆட்டைக் கறந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அவளைப் பற்றி யாராவது ஐந்து பாகம் எழுதினால் நான் முன்பணம் கட்டி வாங்குவேன்.

இதனால் கல்கியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அரச குடும்பத்துக்கு வெளியே அவர் படைத்த ஆட்களைத்தான் எனக்கு இப்போது அதிகம் பிடிக்கிறது. கோடிக்கரையில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் ஒன்று வருமே, அங்கே ஓடம் ஓட்டும் பூங்குழலி, அவளுடைய அண்ணன், அண்ணி. அந்த வீட்டுச் சச்சரவு எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. முதல் அத்தியாயத்தையே பாருங்கள். வீர நாராயண ஏரிக்கரை, எழுபத்து நாலு கணவாய்களில், அதாவது மதகுகளில், பாயும் புது வெள்ளம், கரை முழுக்க விழாக்கோலத்தில் குடும்பம் குடும்பமாகச் சனங்கள். சிறுவனாக இருந்தபோது இதையெல்லாம் தாண்டி வாள் எப்போது உருவப்படும் என்று பக்கத்தைப் புரட்டினேன். இப்போது அந்தக் கரையில் உட்கார்ந்தே ஒரு மாலை போய்விடுகிறது.

பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு, தமிழில் வரலாற்று நாவலைத் தொடங்கிவைத்தவர் கல்கி என்று எழுதினேன். நூலகத்தைப் பார்த்துக்கொண்ட மாஸ்டர் சிவப்பு மையால் அதை வெட்டி, ‘மோகனாங்கி, 1895’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய நாவல், நாயக்கர் காலக் கதை, தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது. கல்கி பிறக்கவே இன்னும் நாலு ஆண்டுகள் இருந்தன. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஓரக்குறிப்பு, அன்று பரிசு பெற்ற கட்டுரையைவிட நெடுநாள் நின்றுவிட்டது.

சொல்ல வந்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகங்கள் ஒரு பக்கம் சோழ நாடு என்றால் மறுபக்கம் 1950களின் வீடு. மணியம் வரைந்த ஓவியத்தைப் புரட்டினால் கூந்தல் தைல விளம்பரம். பழுவேட்டரையரின் கோபத்துக்குப் பின்னால் இருமல் மருந்து. வானொலிப் பெட்டி, பாதி நகைச்சுவைத் துணுக்கு, யாரோ ஒரு வாசகர் எதற்கோ எழுதிய கண்டனக் கடிதத்தின் கடைசி நாலு வரி. அப்போது அவை வெறும் இடைஞ்சல். கதை பரபரப்பாகப் போகும்போது எதிர்ப்பக்கத்தில் பல் தேய்க்கும் பொடியைப் பற்றி யார் படிப்பார்கள்?

ஒன்றை மட்டும் படித்தேன். இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்துக்குப் பின்பக்கத்தில் ஒரு சிறுகதை. ஒரு குமாஸ்தாவின் வீட்டுச் சுவர்க் கடிகாரம் காணாமல் போகிறது. மனைவி பக்கத்து வீட்டுப் பெண்மணியைச் சந்தேகப்படுகிறாள். குமாஸ்தாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நமக்குப் புரிகிறது, ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். அந்த இடத்தில் ‘அடுத்த இதழில் முடியும்’. எழுதியவர் பெயர் கட்டுக்குள் மடிந்துபோயிருந்தது.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பிறகு பொன்னியின் செல்வனுக்கு எத்தனையோ பதிப்புகள். என் வீட்டிலேயே இரண்டு இருக்கின்றன, கைப்பேசியில் ஒன்று, பாத்திரம் கழுவும்போது கேட்க ஒலிப்புத்தகமாக இன்னொன்று. எதிலும் பின்பக்கம் இல்லை.

ஆகவே இந்த மலரைப் படிக்கும் மூத்த மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மைக்கறைக்கு உரியவர் உங்களில் ஒருவராக இருந்தால் பயப்பட வேண்டாம். தண்டப்பணம் கேட்க மாட்டோம், பெயரும் வெளியில் வராது. புத்தகத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தைத் திருப்பி, பின்பக்கத்தை மட்டும் ஒரு படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கடிகாரம் எங்கே போனது என்று எனக்குத் தெரிய வேண்டும்.