சாய்ந்த சுவருக்குத் திரை

3 மார்ச் 2024, ஞாயிறு

இன்று மாலை நான்கு மணி முதல் ஆறரை வரை படகின் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். திரையில்லாமல் இனி ஒரு மாதம் ஓட்டக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். எங்களுடையது இருபத்தாறு அடிப் பழைய பாய்மரப் படகு. கணவரும் கொழுந்தனாரும் சென்ற ஆண்டு சேர்ந்து வாங்கியது. அறையின் இரு பக்கமும் நீளமான சன்னல் ஒவ்வொன்று, முன்முனையில் படுக்கும் இடத்தில் சிறிய சன்னல் ஒவ்வொன்று, ஆக நான்கு சன்னல்கள். படகை வடக்கு நோக்கிக் கட்டியிருப்பதால் இடப்பக்கச் சன்னல் மேற்கைப் பார்க்கிறது.

இந்த மாதத்தில் உச்சி வேளைச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்பதால் அப்போது சன்னல் வழியே வெயில் நுழைவதில்லை. மூன்று மணிக்குப் பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. 1982 முதல் நம் கடிகாரம் கிரீனிச்சுக்கு எட்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆகவே சிங்கப்பூரில் உச்சி வேளை என்பது ஒரு மணிக்குப் பிறகு. வெயிலும் ஏழு மணி வரை நீள்கிறது. ஐந்து மணிக்கு மேசைமேல் இருந்த வெப்பமானி 38 பாகை காட்டியது.

வெயிலைவிட எனக்குக் கூச்சம் தருவது வழிப்போக்கர்களின் பார்வை. எங்கள் துறையின் நடைமேடை மிதவைகள்மேல் அமைந்தது. கடல் ஏறினாலும் வடிந்தாலும் மேடையும் படகும் சேர்ந்தே எழுந்து தாழ்வதால், நடந்து போகிறவர்களின் கால்கள் எந்நேரமும் எங்கள் சன்னலுக்கு நேராகவே இருக்கின்றன. ஒருவர் செருப்பை மாட்டக் குனிந்தால் அவர் முகம் உள்ளே தெரிகிறது.

9 மார்ச், சனி

அளவெடுக்கப் போனவள், அளவைவிட முக்கியமான ஒன்றைக் கண்டுகொண்டு திரும்பினேன். அடுக்குமாடி வீட்டில் திரை போடுவதென்றால் மேலே ஒரு கம்பி போதும். துணி தன் எடையால் நேராகத் தொங்கிச் சன்னலை மூடிவிடும். படகின் அறைச் சுவரோ உள்நோக்கிச் சாய்ந்தது. தையல் நூலில் ஒரு நட்டைக் கட்டி, கொத்தனாரின் தூக்குக் குண்டைப் போலச் சன்னலின் மேல் விளிம்புக்குச் சற்று மேலிருந்து தொங்கவிட்டேன். கீழ் விளிம்பை எட்டும்போது நூல் சுவரைவிட்டு ஆறு சென்டிமீட்டர் விலகியிருந்தது. இங்கே துணியைத் தொங்கவிட்டால் அது இருக்கையில் அமர்ந்திருப்பவரின் தலையை மூடுமே தவிர, சன்னலை மூடாது. மேலே ஒரு ரெயில், கீழே ஒரு ரெயில் என இரண்டு முனைகளிலும் பிடித்தாக வேண்டும்.

அம்மாவின் தோ பாயோ வீட்டில் பாதிச் சன்னலுக்கு மட்டும் ஸ்பிரிங் கம்பியில் கோத்த திரை இருந்தது. இரு முனைகளிலும் கொக்கி, நடுவில் இழுவை. முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு மீட்டர் நீளத்தில் அந்தக் கம்பி நடுவில் தொய்யும். அதோடு வெட்டிய முனையில் உறை நீங்கி எஃகு வெளியே தெரிவதால் கடற்காற்றில் அங்கிருந்தே துருப்பிடித்து, துணியில் கறை இறங்கும். சுவர் சாய்ந்தது மட்டுமல்ல, முன்முனையை நோக்கி வளைந்தும் செல்கிறது; நேரான அளவுகோலை வைத்தால் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விழுகிறது. எனவே வளைந்து கொடுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ரெயிலையும், அதில் ஓடும் சிறு நைலான் கொக்கிகளையும் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

இடப்பக்க நீளச் சன்னல் 92 சென்டிமீட்டர், வலப்பக்கம் 91.2. ஒன்றை அளந்து மற்றொன்றுக்கும் அதுவே என்று எழுதியிருந்தால் தவறாகியிருக்கும்.

10 மார்ச், ஞாயிறு

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன சிக்கல் ஒன்று இரவெல்லாம் மனத்தை உறுத்தியது. நீளச் சன்னலின் பின்பக்கம் 19 சென்டிமீட்டர் உயரம், முன்பக்கம் 15. மேல் விளிம்பு கிடைமட்டம். கீழ் விளிம்புதான் முன்னோக்கி ஏறுகிறது. மேல் ரெயிலை மேல் விளிம்பை ஒட்டியும், கீழ் ரெயிலைக் கீழ் விளிம்பை ஒட்டியும் அமைப்பதே பார்வைக்கு அழகு என்று எண்ணியிருந்தேன்.

செய்தித்தாளை வெட்டி, இரு முனைகளிலும் நாடா ஒட்டி, சன்னல்மேல் பிடித்து நகர்த்திப் பார்த்தேன். பின்பக்கம் சரியாக இருந்த தாள் முன்பக்கம் வந்ததும் நான்கு சென்டிமீட்டர் தொய்ந்து புடைத்தது. முன்பக்க அளவுக்கு வெட்டிய தாளோ பின்பக்கம் போகவே இல்லை. திரை என்பது நகர வேண்டிய பொருள். அதன் உயரம் ஒன்றே என்பதால் இரண்டு ரெயில்களுக்கும் இடையிலான தூரமும் முனையிலிருந்து முனைவரை ஒன்றாக இருக்க வேண்டும். சன்னல் எந்த வடிவத்தில் இருந்தாலும் ரெயில்கள் இணையாகவே ஓட வேண்டும். முன்பக்கம் சன்னலுக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் சுவரையும் சேர்த்துத் திரை மறைக்கும். அதனால் குறையொன்றும் இல்லை. ரெயிலுக்கு ரெயில் 24 சென்டிமீட்டர் என்று நிர்ணயித்து, நான்கு சன்னல்களுக்கும் தனித்தனியாகத் தாள் வெட்டி, ஒவ்வொன்றிலும் பக்கத்தையும் முன்பின் திசையையும் எழுதி வைத்தேன்.

16 மார்ச், சனி

அரபு ஸ்திரீட் துணிக்கடைகளில் நோன்பு மாதக் கூட்டம். பெருநாள் உடுப்புக்குத் துணி எடுக்க வந்தவர்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் திரைத்துணி கேட்ட எனக்கும் கடைக்காரப் பெரியவர் பொறுமையாகக் காட்டினார். ஒரு பருத்திப் பாத்திக் என் கையைவிட்டுப் போக மறுத்தது. நீலத்தில் பழுப்பு இலைகள், மெழுகின் வெடிப்புக் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

"படகுக்கா? அப்ப பருத்தி வேண்டாம்மா. ஈரத்தை விடாது, பூஞ்சணம் பூத்துடும்" என்று அவரே தடுத்தார்.

"ஆமா பாய், எனக்கும் அந்தப் பயந்தான்" என்றேன்.

குளிர்நாட்டுப் படகோட்டிகள் சன்னலின் உட்புறம் நீர் பூப்பதைக் கண்டு அஞ்சுகிறார்கள். இங்கே நிலைமை தலைகீழ்: குளிரூட்டியைப் போட்டால் கண்ணாடியின் வெளிப்புறந்தான் பூக்கிறது. நம் திரைகளைக் கெடுப்பது உப்பு. காற்றோடு வந்து நூலில் படிந்த உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பதால் துணி முழுதாகக் காய்வதே இல்லை. ஆகவே எளிதில் அலசி உலர்த்தக்கூடிய பாலியெஸ்டரே பொருத்தம். வெளிர் மணல் நிறத்தில் 150 சென்டிமீட்டர் அகலத் துணி இரண்டு மீட்டரும், ஒளி மறைக்கும் பூச்சுள்ள லைனிங் இரண்டு மீட்டரும் எடுத்தேன்.

கணக்கு இதுதான். நீளச் சன்னலுக்கு ரெயில் ஒரு மீட்டர். வீட்டில் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி எடுத்துச் சுருக்கு வைப்போம். இங்கே திறந்த திரை ஒதுங்க இடமில்லாததால் ஒன்றரை மடங்கு போதும். ஓர மடிப்பையும் சேர்த்தால் 160 சென்டிமீட்டர். சிறிய சன்னல்கள் இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு 160. முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டினால் வேலை முடியும், எஞ்சியது பிழைக்கு.

பாத்திக்கில் அரை மீட்டர் மட்டும் வாங்கினேன். திரையைக் கட்டி ஒதுக்கும் நாடாக்களுக்கு ஆகும். அவற்றை அடிக்கடி கழற்றித் துவைக்கலாம்.

23 மார்ச், சனி

தேக்கா நிலையத்தின் மாடியில் எனக்குப் பல ஆண்டுகளாக ரவிக்கை தைத்துத் தரும் மாஸ்டரிடம் தாள்களைக் காட்டினேன். வெட்டும் முன் ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

"இதான்மா உங்க அளவு ரவிக்கை. டேப்ப நம்பாதீங்க, இத நம்புங்க" என்றார். உடம்பில் இடத் தோளும் வலத் தோளும் ஒன்றாக இருப்பதில்லை, அதனால்தான் பழைய ரவிக்கையைக் கொண்டுவரச் சொல்கிறோம் என்று விளக்கினார். படகைப் பற்றி ஒன்றும் அறியாத அவர் அதன் சுவரை என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்.

பருத்தி நூல் வெயிலில் இற்றுவிடும், பாலியெஸ்டர் நூலே வேண்டும், ஊசி பதினாறாம் எண் என்பது அவர் அறிவுரை. திரையின் விளிம்பில் கொக்கிகளை மாட்டும் நாடாவைத் தைக்கும் முன் வெந்நீரில் நனைத்துக் காயவைக்கவும் சொன்னார். துணி சுருங்காவிட்டாலும் பருத்தி நாடா சுருங்கி எல்லாவற்றையும் இழுத்துவிடுமாம்.

29 மார்ச், புனித வெள்ளி

விடுமுறை நாள் முழுவதும் தையல். முதல் திரையைப் பிரித்து மீண்டும் தைக்க நேர்ந்தது. லைனிங்கின் பூச்சு, இயந்திரத்தின் அழுத்துகாலில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்ததால் தையல் நெருங்கி, கொக்கிகளுக்கான இடம் போக 22.5 சென்டிமீட்டராக வரவேண்டிய உயரம் 22.1 ஆகிவிட்டது. வீட்டுத் திரையில் நான்கு மில்லிமீட்டரை யாரும் கவனிக்கமாட்டார்கள். இரண்டு ரெயில்களுக்கு இடையே ஓடும் திரையில் அந்த அளவு குறைந்தால் கொக்கிகள் இறுகி நகராது. அதே அளவு கூடினால் துணி தொப்பையாகப் புடைக்கும். அழுத்துகாலுக்கும் பூச்சுக்கும் இடையில் மெல்லிய தாள் வைத்து, தையல் நீளத்தை மூன்றரை மில்லிமீட்டராகக் கூட்டியதும் சரியாக ஓடியது. தைத்தபின் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். குண்டூசி குத்திய துளைகள் பூச்சில் மறையாமல் நட்சத்திரங்களாக ஒளி விடுவதைக் கண்டு, துணி காயப்போடும் கவ்விகளுக்கு மாறினேன்.

இடப்பக்க நீளச் சன்னலுக்கு மட்டும் இரண்டு பாதிகளாக அல்லாமல் ஒரே திரையாகத் தைத்தேன். அதன் பின்முனைக்குக் கீழே அடுப்பு இருக்கிறது. நெருப்புக்கு அருகில் பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். சமைக்கும்போது திரை முழுவதும் முன்பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். அடுப்பின் மேல் ஒரு மடிப்புகூட நிற்கக்கூடாது.

7 ஏப்ரல், ஞாயிறு

ரெயில் பொருத்தும் நாள். சென்ற வார மழையில் வலப்பக்கச் சன்னலின் மூலையில் பழுப்பு நீர் கசிந்ததால் சட்டத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டில் நாடா வைத்து மீண்டும் இறுக்குவதிலேயே காலை கழிந்தது. கசியும் சன்னலுக்குத் திரை போட்டால் கசிவு மறையும், நிற்காது.

சட்டத்தைக் கழற்றியதில் ஒரு நன்மை உண்டு. சுவரின் வெட்டுமுகம் தெரிந்தது. உள்ளே ஆறு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, வெளியே ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடியிழை. திருகாணி பத்து மில்லிமீட்டர் நீளம். ரெயிலின் தடிப்பு இரண்டு போக எட்டுதான் உள்ளே இறங்கும். துளையிடும் ஊசியில் ஏழு மில்லிமீட்டரில் சிவப்பு நாடாவைச் சுற்றிக்கொண்டு, நாடா சுவரைத் தொட்டதும் கையை நிறுத்தினேன். திருகாணிகள் 316 வகைத் துருவேறா எஃகு. முதலில் மேல் ரெயில். பிறகு 24 சென்டிமீட்டருக்கு வெட்டிய மரத்துண்டை இடையில் வைத்து நகர்த்தியபடியே கீழ் ரெயில். அளவுநாடாவை ஒரு முறைகூட எடுக்கவில்லை.

கொழுந்தனார் காந்தம் வைத்த திரைப்பிடிகள் நான்கு வாங்கி வந்திருந்தார். "அண்ணி, இத வச்சா நாடாவே தேவையில்ல, தட்டினா ஒட்டிக்கும்" என்று மகிழ்ச்சியோடு காட்டினார். எங்கள் திசைகாட்டி அறையின் பின்சுவரில், அந்தச் சன்னலுக்கு மிக அருகில் பதிந்திருக்கிறது. கைத்திசைகாட்டியை மேசையில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் திரைப்பிடியைக் கொண்டுவரச் சொன்னேன். முள் ஏறத்தாழ பத்துப் பாகை திரும்பியது. இரவில், கப்பல்கள் இவ்வளவு நெருங்கிச் செல்லும் நீரில், பத்துப் பாகை என்பது சிறிய பிழையன்று. அவர் ஒன்றும் சொல்லாமல் அவற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாத்திக் நாடாக்களே நின்றன.

10 ஏப்ரல், புதன், நோன்புப் பெருநாள்

திரைகளைக் கோத்து முடித்தோம். ஐந்து மணிக்கு, மேற்குத் திரை மூடிய நிலையில், வெப்பமானி 35 காட்டியது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகே திரை அதைத் தடுக்கிறது. துணியில் விழும் சூட்டில் ஒரு பங்கு அறைக்குள்ளேதான் தங்கும். வெளியே ஒரு மறைப்பு விரித்தால் இன்னும் குறையும். ஆனாலும் கண் கூசாமல், மேடையில் நடப்பவர்களைப் பற்றிய நினைப்பே இல்லாமல், நானும் கணவரும் அங்கே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம்.

21 ஏப்ரல், ஞாயிறு

விடியற்காலையில் சுமத்ராக் காற்று அடித்து ஓய்ந்தபின் புறப்பட்டு, லாசரஸ் தீவின் அருகே நங்கூரமிட்டோம். விரைவுப் படகுகள் கடக்கும்போதெல்லாம் எங்கள் படகு பக்கவாட்டில் நன்றாக உருண்டது. விளக்கிலிருந்து தொங்கிய துண்டு ஒரு முழம் இருபுறமும் ஆடியது. திரைகள் சுவரைவிட்டு அசையவில்லை. வலப்பக்க இருக்கையில் படுத்து உறங்கிய கொழுந்தனாரின் தோள் திரையில் அழுந்தியும் கீழ் ரெயிலிலிருந்து ஒரு கொக்கியும் கழலவில்லை.

ஒரு குறை. முன்முனையின் இடப்பக்கச் சிறிய சன்னலில் சுவர் கூடுதலாக வளைவதால் கீழ் ரெயிலின் கடைசித் திருகாணி தளர்ந்து வருகிறது. அடுத்த வாரம் அந்த முனையில் இன்னும் ஒரு திருகாணியை நெருக்கமாக வைக்க வேண்டும். வீடு திரும்பியதும் திரைகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். தாள் அளவுகள் நான்கையும் உறையில் இட்டு, கடல் வரைபடங்களோடு வைத்துவிட்டேன்.